சுப்பன் செத்ததுக்குச் சாட்சி

பசியாவரத்துக் காசியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகம் வெளிறிவிடும், குரல் கம்மிவிடும், எதிரே நிற்பவர் கேட்காமலேயே உண்மையையும் சேர்த்துக் கொட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு பொய்யை ஏழு வருஷம் கட்டிக் காப்பாற்றினாள் என்றால் அது அவள் சாமர்த்தியம் இல்லை. கேட்டவருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான்.

கேட்டவர் அவள் மாமனார் தசரதன். பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கொடி பறந்த காலம் அது. கண்டி ராஜாவோடு ஒல்லாந்தருக்குச் சண்டை மூண்டபோது, படைச் சாமான் ஏற்றிப் போகிற கப்பலுக்குப் பாய் இழுக்கவும் படகு தள்ளவும் ஆள் எடுத்தார்கள். ஏரித் தீவான பசியாவரத்தில் இருந்து ஆறு பேர் போனார்கள். அதில் ஒருத்தன் சுப்பன், தசரதனின் ஒரே பிள்ளை, காசியம்மாளின் புருஷன். எட்டாம் மாதம் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். சுப்பனைக் கொழும்புக்கு அந்தண்டை ஏதோ ஒரு பாளையத்தில் விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அங்கேயே புதைத்தும் விட்டார்களாம்.

அந்தச் சேதி வந்த நாளில் தசரதனுக்கு அம்மை வார்த்திருந்தது. வாசலில் வேப்பிலை சொருகிய வீடு. ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா, வளையல் உடைக்கலாமா? கூடாது. ஆத்தா கோபித்துக்கொண்டால் இருக்கிற உயிரும் போகும். ஊர்ப் பெரியதனக்காரர் துளசிங்கம் காசியம்மாளை வெளியே கூப்பிட்டு, "தங்கச்சி, கெழவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாயைத் தொறக்காதே. அப்புறம் முறையா எல்லாம் செய்யலாம்" என்றார். காசியம்மாள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இறால் தடவுகிற மாதிரி குனிந்துகொண்டு, அங்கேயே அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆத்தா இறங்கிப் போனாள். போகும்போது கிழவரின் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போனாள். எலும்பும் தோலுமாய்க் கிடக்கிற மனுஷனிடம், கண்ணும் போன கையோடு, உன் பிள்ளையும் போய்விட்டான் என்று எந்த வாயால் சொல்வது? கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். தேறினார். தேறினவரை மறுபடி சாய்ப்பானேன் என்றார்கள். தை கழியட்டும், மாசி கழியட்டும் என்று தள்ளித் தள்ளி ஏழு வருஷம் ஓடிப்போனது. நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டால் நாலு பேர் ஞாபகப்படுத்துவார்கள். இதை யார் ஞாபகப்படுத்துவார்கள்?

வளையலைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும், கிழவர் கண்டுபிடித்துவிடுவார் என்று காசியம்மாள் கழற்றவே இல்லை. கொழும்புப் பக்கம் போய்வந்த ஆள் யார் வந்தாலும், "சுப்பன் சௌக்கியமா கீறான் பெரியவரே, உங்களை விசாரிச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது ஊர் வழக்கமாகிவிட்டது. வெறும் சௌக்கியம் எத்தனை நாளைக்குச் செல்லும்? ஒருத்தன் தன் கதையில் சுப்பனுக்குப் புதுத் தலைப்பாகை வாங்கிக் கொடுத்தான். இன்னொருத்தன் அவனுக்குக் கீழே பத்து ஆள் வேலை செய்வதாகச் சொன்னான். அடுத்த வருஷம் பத்து நாற்பதானது. கிழவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்படியா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

எல்லாவற்றுக்கும் மேலே பாடு இருந்தது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று வருஷா வருஷம் பங்குனியில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். துளசிங்கம் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்த ஆளோ, ஊரில் இல்லாவிட்டால் அவன் வீட்டு ஆம்பிளையோ குரல் கொடுக்க வேண்டும். "சுப்பன்" என்று கூப்பிட்டதும் தசரதன் தடியை ஊன்றி எழுந்து, "இருக்கான்" என்பார். ஊரே தலையைக் குனிந்துகொள்ளும். சுப்பனின் முறைக்கு அக்கம்பக்கத்தார் வலை கட்டி, காசியம்மாளுக்குப் பங்கு மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இந்தப் பொய்யோடு அவர்கள் நன்றாகவேதான் இருந்தார்கள். காசியம்மாள் தண்ணீர் வடிகிற நேரம் பார்த்து ஏரியில் இறங்குவாள். சேற்றில் முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் துழாவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கிற ஓலைப் பறிக்குள் போடுவாள். அவள் கைக்குத் தப்பிய இறால் ஏரியில் கம்மி. திரும்பி வந்து குழம்பு வைத்தால் கிழவர் வாசனையிலேயே, அது வெள்ளை இறாலா கருப்பா என்று சரியாகச் சொல்லிவிடுவார். உப்பு ஜாஸ்தி, புளி கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் சோறு கேட்பார். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் இல்லை, மனஸ்தாபம் வந்த நாளும் இல்லை.

ஏழாவது வருஷத்து ஐப்பசியில்தான் கிழவர் விழுந்தார். காசியம்மாள் ஏரியில் இருந்தாள். ஒண்ணுக்குப் போக எழுந்தவர் வாசல் ஈரத்தில் வழுக்கி, மழையில் கிடந்திருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது உடம்பு விறைத்து, பேச்சு வராமல், கை மட்டும் மண்ணைத் துழாவிக்கொண்டு இருந்தது. வைத்தியர் இடுப்பைக் கட்டிவிட்டு, "உசுருக்குப் பயம் இல்ல. ஆனா தானா எழுந்து நடக்கிற ஜோலி இனிமே இல்ல. தனியா விட்டுட்டுப் போகாதே" என்று சொல்லிப் போனார்.

தனியா விட்டுட்டுப் போகாமல் இறால் எங்கிருந்து வரும்? இறால் வீடு தேடி வருமா? ஒரு மாதம் ஏரிப் பக்கமே போகாமல் உட்கார்ந்தாள். பானை காலியானது. பக்கத்து வீட்டு லோகாம்பாள் தனிக்கட்டை, கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். "நான் பார்த்துக்கறேன்டி. புரட்டிப் போடணும், தொடைக்கணும், கஞ்சி ஊத்தணும், எல்லாம் செய்யறேன். என் வயித்துக்கு அரிசி போட்டுடு, போதும்" என்றாள். அந்த அரிசிக்குத்தான் வழி தெரியவில்லை.

வழி காட்டியது பிலோமினா. கோட்டையில் பீரங்கிக்காரனாக இருந்து செத்தவனின் பெண்டாட்டி, பழவேற்காட்டுக் கடைத்தெருவில் காசியம்மாளிடம் இறால் வாங்குகிறவள். "இன்னா பொம்பளைடி நீ. கோட்டை வேலையில செத்தவன் வீட்டுக்கு மாசாமாசம் அரிசி அளக்கறாங்க. நான் வாங்கித்தானே சாப்பிடறேன். உன் புருஷன் சண்டைக்குப் போய்த்தானே செத்தான்? போய்க் கேளு" என்றாள்.

கேட்பது என்றால் சுப்பன் செத்துவிட்டான் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் காசியம்மாள் அந்த வார்த்தையை ஒரு தரம்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை. கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கிற துபாஷ் வேதாசலம் முன்னால் போய் நின்றாள். சொல்லியும் விட்டாள். அரிசியை மாமனார் பேரிலேயே எழுதும்படியும் கேட்டுக்கொண்டாள். வேதாசலம் நல்ல மனுஷர்தான். ஓலையில் குறித்துக்கொண்டு, "உங்க ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்போம். நாலு பேர் ஆமாம்னு சொன்னாப் போதும். முடிஞ்சுது" என்றார்.

நாலு பேர் என்ன, நாற்பது பேர் சொல்வார்கள் என்று காசியம்மாள் நிம்மதியாகத் தோணி ஏறினாள்.

விசாரிக்க வந்த சேவகன் சரியான காலை நேரமாகப் பார்த்து வந்தான். பூவரச மரத்தடியில் ஆம்பிளைகள் எல்லோரும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் கயிற்றுக் கட்டிலில் தசரதன். வீட்டுக்குள் கிடந்தால் மனசு சோர்ந்துபோகும் என்று தினமும் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து அங்கே போடுவார்கள். சேவகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "இந்த ஊர்ச் சுப்பன், தசரதன் மவன், செத்துட்டானா உயிரோட கீறானா?" என்று கேட்டான்.

ஊர் இடிந்துபோனது. துளசிங்கத்தின் கையில் இருந்த ஊசி கீழே விழுந்தது. எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். கிழவர் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் துளசிங்கத்துக்கு அரிசியும் ஞாபகம் வரவில்லை, காசியம்மாளும் ஞாபகம் வரவில்லை. ஏழு வருஷப் பழக்கம்தான் முந்திக்கொண்டது. "இன்னா பேச்சு பேசறே? சுப்பன் கொழும்புல ராஜாவாட்டம் கீறான்" என்றார். அவர் சொன்னதும் பக்கத்தில் இருந்தவன், "போன மாசம்கூடச் சேதி வந்துது" என்றான். இன்னொருத்தன், "நாப்பது பேருக்கு மேஸ்திரி" என்றான். சேவகன் விசாரிக்க விசாரிக்கச் சுப்பனுக்கு ஆயுசும் பதவியும் கூடிக்கொண்டே போயின. போகிற வழியில் சேவகன் காசியம்மாளையும் பார்த்தான். இரண்டு கையிலும் வளையல் குலுங்கக் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கோட்டையில் வேதாசலம் அவளை நிற்க வைத்துக் கிழித்துவிட்டார். "புருஷனை உயிரோட வெச்சுக்கிட்டுச் செத்துட்டான்னு எழுதிக் கொடுக்கிறியே, உனக்கு வெட்கமா இல்லையா? இன்னா துணிச்சல் இது?" காசியம்மாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மை வார்த்தது, ஒப்பாரி வைக்காதது, வளையல், பாடு, ஒன்றையும் விடவில்லை. வேதாசலம் ஓலையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நான் நம்பறேன் அம்மா. ஆனா காகிதத்தில உயிரோட இருக்கான்னு ஏறிப்போச்சு. இனிமே அதை மாத்தறதுன்னா பெத்தவன் வந்து சொல்லணும். என் பிள்ளை செத்துட்டான்னு அவன் வாயால சொல்லி ரேகை வைக்கணும். அமாவாசைக்குள்ள வா. அதுக்கப்புறம் இந்த வருஷத்துப் பட்டியலை மூடிடுவாங்க" என்றார்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

துளசிங்கம் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. எல்லோருக்கும் குற்ற உணர்ச்சி, ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. யார் சொல்வது? மூத்தவர் சொல்லட்டும் என்றான் ஒருத்தன். கூடக் கொழும்புக்குப் போனவன் சொல்லட்டும் என்றார் மூத்தவர். கூடப் போனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துளசிங்கம், "பாடு போயிடும்னு பயப்படாதே தங்கச்சி. பிள்ளை பேரை எடுத்தா அப்பன் பேரைச் சேர்க்கறது முறைதான். அது ஒரு பெரிய காரியமே இல்ல. ஆனா அந்த மனுஷன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். என்னால ஆவாது" என்று கையை விரித்தார். எல்லோரும் காசியம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் நாலு நாள் முயன்றாள். கஞ்சி ஊட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தாள், புரை ஏறிவிட்டால் என்று விட்டுவிட்டாள். புரட்டிப் படுக்க வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தாள், வலியோடு வலியாகவா என்று விட்டுவிட்டாள். ஒரு தரம், "மாமா" என்று ஆரம்பித்தே விட்டாள். "இன்னாம்மா?" என்றார். "குழம்புல காரம் போதுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அமாவாசை அன்று காலையில், கோட்டையில் வைத்தியருக்குக் காட்டப் போகிறோம் என்று ஒரு புதுப் பொய்யைச் சொல்லி, கட்டிலோடு தோணியில் ஏற்றினாள். தோணி தள்ளியவர் துளசிங்கமே. பாதி ஏரியில் கிழவர், "தண்ணி தெளிஞ்சு கீது போல. சத்தமே வேற" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காசியம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அரிசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் இவரைத் தனியே போட்டுவிட்டு ஏரியில் இறங்கினால் அடுத்த தரம் விழும்போது யார் தூக்குவது?

கட்டிலை வேதாசலத்தின் மேஜை முன்னால் இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு ஒல்லாந்துக்காரன் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். வேதாசலம் எழுந்துவந்து கிழவரின் அருகே குனிந்து, "பெரியவரே, உங்க மகன் சுப்பன்..." என்று ஆரம்பித்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். துபாஷுக்கு மூன்று பாஷை தெரியும். ஒன்றிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

"செத்துட்டான் சாமி" என்றார் தசரதன்.

துளசிங்கம் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"ஏழு வருஷம் ஆவுது. எனக்கு அம்மை வார்த்திருந்தப்போ சேதி வந்துது. ஆறு பேர் போனாங்க. ஆத்தா எறங்கினப்புறம் அஞ்சு பேர் வந்து என் காலைத் தொட்டாங்க. அவன் அங்கேயே தங்கிட்டான்னு சொல்றப்போ ஒருத்தன் குரலும் சரியா இல்ல. கண்ணுதானே போச்சு, அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இதுங்க பாவம், நான் தாங்க மாட்டேன்னு என்னென்னமோ சொல்லிக்கினு இருந்துதுங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா அவனைக் கொழும்புக்குக் கவர்னரா ஆக்கியிருப்பானுங்க."

வேதாசலம் ஒல்லாந்துக்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அவன் எழுதினான். கிழவரின் விரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தார்கள். ஏழு வருஷம் இவர் தனியாக, யாரிடமும் சொல்லாமல், சத்தம் போடாமல் அழுதிருக்கிறாரே என்ற நினைப்பு வந்ததும் காசியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அரிசியை உங்க பேர்லேயே எழுதச் சொல்லி உங்க மருமவ கேட்டிருக்கு" என்றார் வேதாசலம். "அப்படி எழுதினா நீங்க இருக்கிறவரைக்கும் உங்களுக்கு வரும், யார் பார்த்துக்கறாங்களோ அவங்க வாங்கிக்கலாம். அந்தப் பொண்ணு பேர்ல எழுதினா அது எந்த ஊருக்குப் போய் இருந்தாலும் அரிசி அதுக்குத்தான் போகும்."

"அவ பேர்ல எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே. நாளைக்கு அது..."

"யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றார் கிழவர். கை கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தது எதுக்குன்னு நெனைக்கறீங்க? பிள்ளை செத்துட்டான்னு நான் ஒத்துக்கினா, வளையலை ஒடைப்பாங்க, முறை செய்வாங்க, காரியம் முடியும். அப்புறம் இவ அண்ணன் ஆரம்பாக்கத்துல இருந்து வந்து, என் தங்கச்சிக்குச் சின்ன வயசுன்னு கூட்டிக்கினு போயிடுவான். எங்க ஜாதியில ரெண்டாங்கல்யாணம் உண்டு. யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. புருஷன் உசுரோட கீறான்னு பேர் இருந்தா இவ இங்கதானே இருக்கணும்? அதான் வருஷா வருஷம் எழுந்து ‘இருக்கான்’னேன். குருட்டுக் கெழவனுக்குச் சோத்துப் பயம் சாமி. இவ நல்ல வயசை நான் தின்னுட்டேன். அரிசியாச்சும் இவ பேர்ல இருக்கட்டும். போறதுன்னா எடுத்துக்கினு போகட்டும்."

காசியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் வந்தான் மாமா" என்றாள்.

"எப்போ?"

"மூணு தடவ. மொத தடவ உங்களுக்கு அம்மை எறங்கின மறு மாசமே. தோணித்துறையிலயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டேன். கடைசியா வந்தப்போ மாப்பிள்ளையையே கூட்டிக்கினு வந்தான். நெலம் நீச்சு உள்ள ஆளு. பார்க்கவும் நல்லாத்தான் இருந்தான்."

"அப்புறம் ஏன் போகல?"

"போகணும்னு தோணல மாமா" என்றாள். பொய் சொல்ல வராதவள் அவள் என்பது ஊருக்கே தெரியும். கிழவருக்கும் தெரியும். அவர், "அந்த மாப்பிள்ளை தப்பிச்சான்" என்றார். அழுதுகொண்டிருந்த துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காசியம்மாள் பேரிலேயே எழுதினார்கள். மார்கழியில் இருந்து கோட்டை அரிசி வர ஆரம்பித்தது. ஊர் முறைப்படி சுப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இந்தத் தரம் கிழவரும் காசியம்மாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள். லோகாம்பாள் பகலெல்லாம் கட்டிலண்டை உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் பேசியே அவரைச் சலிக்க வைத்தாள். அவர் அவளைத் திட்டினார், அவள் பதிலுக்குத் திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள். இன்னும் ஆறு வருஷம் இருந்தார் தசரதன். அந்த அமாவாசைக்கு முன்பெல்லாம் காசியம்மாள் பறியைக் கையில் எடுத்தாலே, எங்கே போறே, எப்போ வருவே என்று அவள் வாசல் படலைத் தாண்டுவதற்குள் மூன்று தரம் கேட்பார். கோட்டைக்குப் போய் வந்த அன்றிலிருந்து சாகிற வரைக்கும் அவர் அதைக் கேட்கவே இல்லை.